உணவு அறிவியலும் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் சேர்த்துப் படிப்பது எப்படி: வட சென்னை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்ததும் ஃபுட் டெக்னாலஜியா, கெமிக்கலா என்று தடுமாறும் பிள்ளைகள் மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் நிறையப் பேர். ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், இன்னொரு பக்கம் பால் பண்ணையும் காசிமேடு துறைமுகமும் இருக்கிற ஊரில் இரண்டின் மேலும் மனசு போவது இயல்புதான். இரண்டையும் படிக்கலாம். எதை முதலில் படிப்பது, எந்தச் சேர்க்கை வழியாகப் போவது என்பதைச் சரியாக முடிவு செய்யாதவர்கள்தான் வருடங்களை வீணாக்குகிறார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங்கோடு ஓர் அறிவியல் பட்டத்தையும் சேர்த்து ஐந்து ஆண்டு அளவில் முடிக்கும் ஏற்பாடு உண்டு. நம் பொறியியல் கவுன்சிலிங் பட்டியலில் இந்த இரண்டையும் இணைத்த படிப்பு கிடையாது. இங்கே 'டபுள் டிகிரி' என்று யாராவது விளம்பரம் செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு சான்றிதழ் தருவீர்களா, ஒன்றா? எந்தெந்தப் பல்கலைக்கழகம் தரும்? இரண்டுக்கும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு), ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி எண் என்ன? பதில் எழுத்தில் வராவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம்.

சட்டம் எதை அனுமதிக்கிறது

2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைப் படிக்கலாம். இரண்டும் நேரடி வகுப்பு என்றால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஒன்று நேரடியாகவும் இன்னொன்று தொலைதூர அல்லது ஆன்லைன் வழியாகவும் இருக்கலாம். இரண்டையுமே தொலைதூர வழியில் படிக்கவும் இடம் உண்டு. பி.எச்டி.க்கு இது பொருந்தாது.

நடைமுறையில் இடிப்பது மூன்று இடம். முதலாவது, இன்ஜினியரிங் கல்லூரியில் காலையில் தொடங்கும் வகுப்பு, லேப் முடிய மாலை ஆகிவிடும். 75 சதவீத வருகைப் பதிவையும் காப்பாற்றிக்கொண்டு இன்னொரு நேரடிப் படிப்புக்கு ஓடுவது ஆகிற காரியமில்லை. இரண்டாவது, டி.சி. அசல் ஒன்றுதான் இருக்கும். அதை முதல் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். யு.ஜி.சி. அனுமதித்தாலும் இரண்டாவது கல்லூரியின் விதி இடம் கொடுக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜினியரிங் பட்டத்தைத் தொலைதூரக் கல்வியில் படிக்க முடியாது. 'அப்படியானால் கெமிக்கலை நேரடியாகவும் உணவு அறிவியலை ஆன்லைனிலும் படிக்கலாமே' என்று தோன்றும். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உணவு மற்றும் சத்துணவு அறிவியல், நுண்ணுயிரியல், பயோடெக்னாலஜி உள்ளிட்ட படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. பழைய விளம்பரத்தையோ, 2023ல் சேர்ந்த அண்ணன் சொன்னதையோ நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தந்த ஆண்டின் அங்கீகாரப் பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கும். படிப்பின் பெயரையும் சேர்க்கைப் பருவத்தையும் அதில் சரிபாருங்கள்.

ஆகவே இங்கே நடக்கிற வழி, ஒன்றை இளநிலையிலும் மற்றதை முதுநிலையிலும் முடிப்பது. நான்கும் இரண்டும் ஆறு வருடம். வெளிநாட்டு ஐந்தாண்டோடு பார்த்தால் ஒரு வருடம் கூடுதல். கையில் முதுநிலைப் பட்டம் இருக்கும்.

எதை முதலில் படிப்பது

இதற்குப் பொதுவான பதில் சொல்வது தவறு. எந்த வேலைக்குப் போக ஆசை என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிதான் கனவு என்றால் இளநிலையில் ஃபுட் டெக்னாலஜியோ டெய்ரி டெக்னாலஜியோ எடுங்கள். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அந்தப் பணிக்கு ஏற்கும் பட்டங்களை வரிசையாகச் சொல்கின்றன: உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், பயோடெக்னாலஜி, எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேதியியலில் முதுநிலை, மருத்துவம். கெமிக்கல் இன்ஜினியரிங் அதில் இல்லை. நான்கு வருடம் கெமிக்கல் படித்துவிட்டு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

உணவு நிறுவனத்தில் புராசஸ், புராஜெக்ட், யுட்டிலிட்டி வேலை வேண்டும், அது சரிவராவிட்டால் மணலிப் பக்கமும் போகத் தயார் என்றால் இளநிலை கெமிக்கலாகவே இருக்கட்டும். உணவுத் தொழில் சுருங்கினாலும் கெமிக்கல் பட்டத்துக்கு வேறு வாசல்கள் திறந்திருக்கும். எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கும் எங்கள் பரிந்துரை இதுதான். நுண்ணுயிரியலையும் உணவு வேதியியலையும் பிறகு கற்பதைவிட, வெப்பமும் பொருளும் நகர்வதைக் கணக்கிடும் பரிமாற்றக் கணக்குகளைப் பிறகு கற்பது கடினம்.

முதல் படி: குரூப்பும் கட்–ஆஃபும்

பத்தாவது முடிக்கும்போதே இது தொடங்குகிறது. கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தால் கெமிக்கல் கதவு மூடிவிடும். பயோ–மேக்ஸ் குரூப் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிலும் பாதகமில்லை. உயிரியலைக் கல்லூரியில் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பொறியியல் கட்–ஆஃப் 200க்கு. கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92 + 44 + 45 = 181. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். கடைசி ரிவிஷன் நாட்களை இதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மூன்று இடத்தில் தனித்தனியாக விண்ணப்பம்

ஒரே விண்ணப்பத்தில் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பது பெரிய பிழை.

அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளும் அடங்கிய பொறியியல் கவுன்சிலிங்கில், கிண்டி வளாகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி முதல் விருப்பமாக இருக்கட்டும். 1944ல் தொடங்கிய கல்லூரி. கெமிக்கல், ஃபுட் டெக்னாலஜி இரண்டும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஒன்றில் இடம் கிடைத்தாலும் மற்றத் துறையின் செமினாருக்கும் நூலகத்துக்கும் நடந்தே போய்விடலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நீலப் பாதை மாறாமல் சின்னமலை வரை போகிறது. விடுதி கிடைக்காவிட்டாலும் சமாளிக்கலாம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். அதன் தலைமையகம் மாதவரம் பால் பண்ணையில்தான். ஃபுட் டெக்னாலஜி, டெய்ரி டெக்னாலஜி பி.டெக். நடக்கும் கல்லூரி ரெட்ஹில்ஸைத் தாண்டி கோடுவெளியில் இருக்கிறது. வட சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், 'கால்நடை' என்ற பெயரைப் பார்த்து நீட் வேண்டும் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். இந்த பி.டெக். படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஜே.இ.இ. மெயின் வழியாகத்தான் சேர்க்கை. பிளஸ் டூ பாதி ஆண்டிலேயே அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்யாவிட்டால் ரிசல்ட்டுக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பாலிடெக்னிக் வழியும் நல்ல வழிதான். தரமணியிலுள்ள அரசு நிறுவனத்தில் கெமிக்கல் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவில் கணிதம் மெல்ல நகரும், பி.டெக்.கில் திடீரென்று டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் வந்து நிற்கும். சேர்வதற்கு முந்தைய கோடையில் முதலாண்டுக் கணிதத்தை முடித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் படி: சான்றிதழ்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ–சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தண்டையார்பேட்டை, மாதவரம், திருவொற்றியூர் என எந்த வட்டமாக இருந்தாலும் மே, ஜூனில் கூட்டம் நெருக்கும். பெயரின் இனிஷியல், அப்பா பெயரின் எழுத்து ஆகியவை ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பும்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு முதல் பட்டதாரிச் சலுகை கேட்பவர்கள் உண்டு. அது கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான்.

நான்காம் படி: படிக்கும்போதே மறுபாதியைக் கட்டுவது

கெமிக்கல் மாணவர் இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று பாடங்களைத் தனியாகத் தொடங்க வேண்டும்: உணவு நுண்ணுயிரியல், உணவு வேதியியல், உணவுச் சட்டமும் தரக்கட்டுப்பாடும். ஃபுட் டெக்னாலஜி மாணவர் உறுதிப்படுத்த வேண்டியவை பொருள்–ஆற்றல் சமநிலை, தெர்மோடைனமிக்ஸ், ரியாக்ஷன் இன்ஜினியரிங், புராசஸ் கன்ட்ரோல். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் உணவுப் பதப்படுத்தும் பொறியியல் பாடங்கள் இரு தரப்புக்கும் நல்லவை. அந்த கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்குமா என்று செமஸ்டர் தொடங்கும் முன் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்து போய்க் கேட்டால் நடக்காது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் படிப்பவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் எடுத்து மைனர் பெறும் வசதி இருக்கிறது. எந்தப் பிரிவுகளைத் திறக்கிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மைனர் என்பது அதே பட்டத்தில் வரும் குறிப்பு. இரண்டாவது பட்டம் ஆகாது.

இரண்டு படிப்பும் எங்கே இணைகின்றன என்று காட்ட ஒரு கணக்கு. மணிக்கு 5000 லிட்டர் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்துப் பாஸ்டரைஸ் செய்ய வேண்டும். சூடான பால் அந்த 15 விநாடி ஓடிக் கடக்கும் குழாயான ஹோல்டிங் டியூபின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். நீளம் எவ்வளவு?

5000ஐ 3600ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.39 லிட்டர். 15 விநாடிக்கு 20.8 லிட்டர். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.00196 சதுர மீட்டர். 0.0208ஐ அதனால் வகுத்தால் 10.6 மீட்டர். கெமிக்கல் மாணவர்கள் பெரும்பாலும் இங்கே பேனாவை வைத்துவிடுவார்கள்.

ஆனால் 10.6 மீட்டர் சராசரி வேகத்துக்கான விடை. குழாயின் நடுவில் ஓடும் பால் சராசரியைவிட வேகமாக ஓடும். அது 15 விநாடிக்கு முன்பே வெளியேறிவிடும். அதில் ஒரு கிருமி பிழைத்தாலும் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஆகவே மிக வேகமான துளிக்குத்தான் 15 விநாடி கிடைக்க வேண்டும். பால் இந்த வேகத்தில் டர்புலன்ட்டாக, அதாவது சுழன்று கலந்து, ஓடுகிறது. ஓட்டத்தின் வகையைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் பல பத்தாயிரம் வரும். நடுவேகம் சராசரியைப் போல் ஏறக்குறைய 1.2 மடங்கு; நீளம் 13 மீட்டரை நெருங்கும். இதே குழாயில் கெட்டியான மாம்பழக் கூழை ஓட்டினால் ஓட்டம் லாமினாராக, அதாவது கலக்காத அடுக்குகளாக, ஆகிவிடும். நியூட்டோனியத் திரவமாக, அதாவது எந்த வேகத்திலும் பிசுக்கு மாறாததாக, எடுத்துக்கொண்டால் நடுவேகம் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. அதே 15 விநாடிக்கு 21.2 மீட்டர் தேவை. கூழ் நியூட்டோனியத் திரவம் அல்ல. வேகத்தோடு பிசுக்கு எப்படி மாறுகிறது என்று காட்டும் அதன் ஃப்ளோ இன்டெக்ஸ் 1க்குக் கீழே இருப்பதால் இரண்டு மடங்கை விடக் கொஞ்சம் குறையும். முதலில் இரண்டு மடங்கில் கணக்கிட்டால் பாதுகாப்பான பக்கம் நிற்பீர்கள்.

இந்தக் கணக்கில் ஓட்டத்தைக் கெமிக்கல் சொல்கிறது, எந்தத் துளியைப் பார்க்க வேண்டும் என்பதை உணவு அறிவியல் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவருக்கு இரண்டு படிப்பும் உள்ளே இறங்கிவிட்டது என்று கேட்பவருக்குப் புரியும்.

ஐந்தாம் படி: புராஜெக்ட்

தூரத்தில் தேட வேண்டாம். காசிமேட்டுக் கருவாடு நல்ல ஆய்வுப் பொருள். 500 கிராம் சுத்தம் செய்த மீன், ஒரு டிரே டிரையர், ஒரு தராசு போதும். அரை மணிக்கு ஒருமுறை எடை பாருங்கள்.

ஈரம் 75 சதவீதம் என்றால் திடப்பொருள் 125 கிராம், நீர் 375 கிராம். உலர் அடிப்படையில் ஈரம் 375ஐ 125ஆல் வகுக்க 3.0. எடை 200 கிராமாக இறங்கும்போது நீர் 75 கிராம். உலர் அடிப்படையில் 0.6, ஈர அடிப்படையில் 37.5 சதவீதம். இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் தவறு. மீனை உப்பில் ஊறவைத்திருந்தால் உப்பின் எடையும் திடப்பொருளில் சேரும். ஊறிய பிறகு மறுபடி எடையும் ஈரமும் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் மேல்தோல் இறுகிக்கொள்ளும். உள்ளே ஈரம் சிறைப்படும். எடைக் குறைவு சட்டென்று நின்றுபோவதைப் பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று எடுத்தால் இரண்டு நாளில் நடுவில் கெடும். 37 சதவீத ஈரம் இருந்தும் உப்புக் கருவாடு ஏன் நிற்கிறது என்பதற்கு விடை வாட்டர் ஆக்டிவிட்டியில், அதாவது கிருமிக்குக் கிடைக்கும் நீரின் அளவில், இருக்கிறது. உப்பு செறிந்து நின்ற கரைசலின் அளவு 0.75. உணவை நஞ்சாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு 0.85 அளவாவது வேண்டும். ஆனால் உப்பை விரும்பும் சிவப்பு பாக்டீரியா 0.75லும் வளரும், ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில் கருவாட்டின் மேல் படியும் இளஞ்சிவப்புப் படலம் அதுதான். நேரத்தோடு எடை குறையும் டிரையர் வளைவோடு இந்த அளவீட்டையும் சேர்த்தால் அது இரு துறைக்கும் பொதுவான புராஜெக்ட்.

வேறு தலைப்புகளும் இருக்கின்றன. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை சவ்வு வழியே நீரை அழுத்திப் பிரிக்கும் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் முறையில் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு அமைந்தது. அதே வகைச் சவ்வுகொண்டுதான் பால் துறையில் மோர்நீரைச் செறிவாக்குகிறார்கள். உப்புநீரில் படியும் கசடுக்கும் புரதம் படியும் கசடுக்கும் உள்ள வேறுபாடு நல்ல தலைப்பு. மணலியில் தயாராகும் புரோப்பிலீன் கிளைக்கால் இன்னொன்று: அதே மூலக்கூறுதான் சுத்தத்தின் தரத்தைப் பொறுத்து ரெசினுக்கும் போகிறது, உணவு மணப்பொருள் கரைப்பானுக்கும் போகிறது.

ஆறாம் படி: ஆலைப் பயிற்சி

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஓர் உணவு ஆலை, மூன்றாம் ஆண்டில் ஓர் இரசாயன ஆலை. இந்த வரிசையே நல்லது; உணவு ஆலையில் இயந்திரங்களை அருகில் நின்று பார்க்க முடியும். கல்லூரியின் போனஃபைடு சான்றும் துறைத் தலைவர் கடிதமும் இணைத்து இரண்டு மாதம் முன்னதாக மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

உணவு ஆலையில் கண்ணில் படவேண்டியது சுத்தம் செய்யும் சுற்று. காஸ்டிக் சோடா 1 முதல் 1.5 சதவீதம், 70–80 டிகிரியில், பிறகு கழுவல், பிறகு நைட்ரிக் அமிலம் 0.5 முதல் 1 சதவீதம், 60–65 டிகிரியில், மறுபடி கழுவல். காஸ்டிக் புரதத்தையும் கொழுப்பையும் எடுக்கும், அமிலம் பால் உப்புப் படிவை எடுக்கும். குழாயில் கிளைபிரிந்து முடியும் முட்டுச் சந்துகளைத் தேடுங்கள்: கிளை நீளமாக இருந்தால் கழுவும் நீர் உள்ளே போகாது, கிருமி அங்கேயே குடியிருக்கும். இரசாயன ஆலையில் இப்படி ஒரு முட்டைக் கிருமிக்காக யாரும் தேட மாட்டார்கள். உணவு ஆலையில் அதுவே தரக் குறைபாடு.

அம்மோனியாவை இரண்டு இடத்திலும் பார்ப்பீர்கள். ஐஸ் ஆலையிலும் பால் பண்ணையிலும் அது குளிரூட்டி. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் கடலோரக் குழாயில் கசிந்தபோது, அந்தப் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். குளிரூட்டிப் பிரிவுக்குள் போகும்முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, வெளியேறும் வழி எது, முகமூடி எங்கே தொங்குகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

உணவு ஆலைக்கு மோதிரம், வாட்ச், நகப்பூச்சு கூடாது. இரசாயன ஆலைக்குப் பருத்தி முழுக்கைச் சட்டையும் பாதுகாப்பு ஷூவும் வேண்டும். பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் தோலோடு உருகி ஒட்டும்.

ஏழாம் படி: முதுநிலையும் வேலையும்

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் கெமிக்கலுக்கு சி.எச். தாள். உணவுப் பக்கம் போக எக்ஸ்.இ. தாள்: பொது அறிவுத்திறன் 15, கட்டாயக் கணிதம் 15, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிரிவுகள் தலா 35 மதிப்பெண். கெமிக்கல் படித்தவர் ஃபுட் டெக்னாலஜியோடு தெர்மோடைனமிக்ஸ் அல்லது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை எடுத்தால் பாதித் தாள் ஏற்கெனவே படித்ததாக இருக்கும். விண்ணப்பிக்கும் முன் நீங்கள் சேர நினைக்கும் எம்.டெக். எந்தத் தாளை ஏற்கிறது, உங்கள் இளநிலையைத் தகுதியாகச் சொல்கிறதா என்று அந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு சீட்டா–பி.ஜி. தேர்வும் இருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் எம்.எஸ்சி. ஃபுட் டெக்னாலஜிக்குத் தனி நுழைவுத் தேர்வு.

முதுநிலைக்கு முன் ஒரு வருடம் வேலை அனுபவம் வேண்டுமென்றால் அப்ரன்டிஸ் பயிற்சி ஏற்றது. தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாகப் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி கிடைக்கும். தேசிய இணையதளத்தில் பதிவு செய்ய ஆதார், வங்கிக் கணக்கு, பட்டச் சான்று போதும். பட்டச் சான்று வரத் தாமதமானால் புரொவிஷனல் சான்றிதழை வைத்துப் பதிவை முடித்துவிடுங்கள். வேலை தேடும்போது சிறு உணவு நிறுவனங்களை ஒதுக்க வேண்டாம். உரிமம் பெற்ற ஒவ்வோர் உணவுத் தயாரிப்பு நிறுவனமும் உற்பத்தியை மேற்பார்வையிட ஒரு தொழில்நுட்பப் பணியாளரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. வட சென்னையின் எண்ணெய், மசாலா, கடல் உணவு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த நிபந்தனையைக் குறிப்பிட்டு, கூடவே பாய்லர், ஸ்டீம், கழிவுநீர்க் கணக்கும் பார்க்கத் தெரியும் என்று எழுதுங்கள். சிறு நிறுவனத்தில் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.